இரும்பு, ஈயம், பித்தளை: ஒரு பட்டறையைப் பிரித்து விற்ற கதை

“எல்லாத்தையும் ஒரே லாட்டாப் போட்டுக்கலாங்க” என்றார் பழைய சாமான் வாங்க வந்தவர். அவர் பட்டறைக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூலையில் கிடந்த மோட்டார்களை ஒரு பார்வை, மேசைக்கு அடியில் இருந்த தகர டின்களைக் காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஒரு தொகை சொன்னார். எனக்கு அது பெரிய தொகையாகத்தான் தெரிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தபோது, அப்பாவிடம் இருபது வருடம் வைண்டிங் வேலை பார்த்த அண்ணன் என் கையைப் பிடித்து, “நாளைக்குச் சொல்றோங்க” என்று அவரை அனுப்பிவைத்தார்.

கோவை கணபதியில் அப்பா 31 வருடம் மோட்டார் ரீவைண்டிங்கும், அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வேலையும், பம்பு சர்வீஸும் பார்த்தார். இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937இல் இந்த ஊரில்தான் செய்யப்பட்டது என்பார்கள். அதன் வாரிசு மாதிரி இங்கே தெருவுக்கு ஒரு ரீவைண்டிங் கடை உண்டு, எங்களுடையது அதில் ஒன்று. அப்பாவுக்கு முட்டி தேய்ந்துபோய்க் குனிய முடியவில்லை. இடம் வாடகைக்கு, மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன், இரும்புக்கும் எஃகுக்கும் வித்தியாசம் கேட்டால் முழிப்பேன். பதினொரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அண்ணன் முதலில் கொடுத்தது ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய கறுப்பு வளையம், அதில் ஒரு கயிறு. “தம்பி, எதைக் கையில எடுத்தாலும் முதல்ல இதைய வெச்சுப் பாருங்க. ஒட்டுதா, இந்தப் பக்கம். ஒட்டலையா, அந்தப் பக்கம். மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்.” ஒட்டினால் இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு. ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம், பெரும்பாலான எவர்சில்வர். ஒரு கிலோ செம்பின் விலை ஒரு கிலோ இரும்பின் விலையைப் போல இருபது மடங்குக்கும் மேல் என்பதால், இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் காசு தீர்மானமாகிவிடுகிறது.

ஆனால் காந்தம் மேல்தோலுக்கு அடியில் இருப்பதற்கும் சேர்த்தே பதில் சொல்லும். பித்தளை நிறத்தில் இருந்த ஒரு கூடை கொக்கிகளும் கீல்களும் காந்தத்தில் பட்டென்று ஒட்டிக்கொண்டன. இரும்பின் மேல் பித்தளை முலாம். அதேபோல நல்ல பித்தளை வால்வுக்குள் இரும்புத் தண்டு இருந்தாலும் காந்தம் இழுக்கும். ஆகவே ஒட்டினால் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும், அடுத்ததாக அரம். எங்களிடம் இருந்த முக்கோண அரத்தால் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் உள்நிறம் தெரிந்துவிடும். பெயின்ட், நிக்கல், குரோமியம், பச்சைக் களிம்பு எதையும் நம்பாமல் அரம் சொன்னதை மட்டும் நம்பினேன்.

இரும்புப் பக்கத்தில் அதிகம் நிற்கத் தேவையில்லை. தகடு, ஆங்கிள், கம்பி, போல்ட் எல்லாம் எம்.எஸ்., அதாவது சாதா எஃகு. மோட்டார் பாடி, பம்பு கேசிங், புல்லி எல்லாம் காஸ்டிங், அதாவது வார்ப்பிரும்பு. சந்தேகம் வந்தால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும். எம்.எஸ். நெளியும், காஸ்டிங் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக இருக்கும். கிரைண்டரில் வைத்தால் எம்.எஸ். நீளமாக மஞ்சள் பொறி விடும், காஸ்டிங் குட்டையாகச் செம்பொறி விடும். கண்ணாடி போடாமல் இதைச் செய்ய வேண்டாம். கோவையில் ஃபவுண்டரிகள் அதிகம், அதனால் சுத்தமான காஸ்டிங்குக்குத் தனி கிராக்கி உண்டு. லேத்தில் கடையும்போது விழும் சுருளுக்கு விலை குறைவு. எண்ணெயும் துருவும் சேர்ந்திருக்கும், உலையில் போட்டால் எரிந்து கழிவதும் அதிகம். மோட்டாருக்குள் அடுக்காக இருக்கும் ஸ்டாம்பிங் தகடுகளைத் தனியாகக் கட்டி, தனி விலை கேட்டோம். முதல் லோடாக 900 கிலோ இரும்பும் காஸ்டிங்கும் இரண்டாம் நாளே ஏற்றி அனுப்பிவிட்டேன். இடம் காலியானதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

செம்பில்தான் எங்களுக்கு வேலை இருந்தது. ரீவைண்டிங் பட்டறை என்றால் செம்புதானே!

செம்பு என்று ஒரே பெயரில் சொன்னாலும் கடையில் அதற்கு நாலைந்து படி உண்டு. மேல் உறை இல்லாமல், ஜாயின்ட் இல்லாமல், பளபளவென்று இருக்கும் தடித்த கம்பி முதல் படி. எனாமல் பூசிய வைண்டிங் கம்பியும் எரிந்த மோட்டாரில் இருந்து உருவிய கம்பியும் அடுத்தது, ஆர்மேச்சர் காப்பர் என்பார்கள். குழாய், பாத்திரம், சால்டர் ஒட்டிய துண்டுகள் அதற்கும் கீழே. இந்த மூன்றும் ஒரே சாக்கில் இருந்தால் மொத்தச் சாக்குக்கும் கடைசிப் படி விலைதான். வாங்குபவர் அதற்கப்புறம் ஆள் வைத்துப் பிரித்துக்கொள்வார். லாட் பேசிய ஆளின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. நாம் பிரிக்காமல் விட்டதுதான் அவருடைய சம்பாத்தியம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, வேலை செய்கிறவர் சம்பாதிக்கிறார்.

சப்மெர்சிபிள் மோட்டாரின் கம்பி இன்னொரு ரகம். தண்ணீருக்குள்ளேயே ஓட வேண்டும் என்பதால் அதில் எனாமல் மட்டும் போதாது, மேலே பிளாஸ்டிக் படலம் சுற்றியிருக்கும். அந்தப் படலத்தோடு கொடுத்தால் பிளாஸ்டிக்குக்கு என்று எடையில் தாராளமாகக் கழிப்பார்கள். பிளேடால் ஒரு கீறல் கீறி நுனியைப் பிடித்து இழுத்தால் உரிந்து வந்துவிடும், உள்ளே கம்பி புதுசு போல இருக்கும். நாங்கள் இரண்டு பேர் ஒரு மத்தியானம் உட்கார்ந்து 38 கிலோ உரித்தோம். கூலி போட்டுப் பார்த்தாலும் லாபம்.

ஒயரைக் கொளுத்திவிட்டால் வேலை சுளுவாக முடிந்துவிடும் என்று பக்கத்துக் கடைப் பையன் சொன்னான். பிளாஸ்டிக் ஒயர் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்ஸினும் இருக்கும், சட்டப்படியும் குற்றம். காசுக் கணக்கிலும் நட்டம்தான். எரித்த கம்பி கறுத்து, முறுகி, மெலிந்துபோகும். முதல் படிச் செம்பு கீழ்ப் படிக்கு இறங்கிவிடும்.

பெரிய அடி ஒன்று வாங்கினது நாலாம் நாள். எட்டுச் சின்ன மோட்டார்களின் வைண்டிங்கை உளியால் வெட்டி உருவினேன். செம்பு நிறம், எனாமல் மினுமினுப்பு, எல்லாம் சரி. சாக்கில் கட்டி, கடைக்குக் கொண்டுபோய், தராசில் ஏற்றியாகிவிட்டது. கடைக்காரர் ஒரு கம்பியை எடுத்து, கட்டிங் பிளேயரால் நறுக்கி, வெட்டு முகத்தை என்னிடம் காட்டினார். வெள்ளை. அலுமினியக் கம்பியின் மேல் செம்பு நிற எனாமல்! விலை குறைந்த மோட்டார்களிலும் மலிவு மின்விசிறிகளிலும் இதுதான் சுற்றியிருக்கும். எனக்கு முகம் செத்துவிட்டது, ஏதோ ஏமாற்ற வந்தவன் மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் என்னுடைய ஒவ்வொரு சாக்கையும் கவிழ்த்துப் பார்த்தார், நியாயம்தானே.

வீட்டுக்கு வந்து யோசித்தால், சாக்கைத் தூக்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தினுடையது 2.7. ஒரே அளவுச் சுருள் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இருக்காது. இப்போது எந்தக் கம்பியானாலும் நறுக்கி வெட்டு முகத்தைப் பார்க்கிறேன். மேலே சிவப்பு உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். சில கேபிள்களில் அலுமினியத்தின் மேல் நிஜச் செம்பே மெல்லிசாகப் பூசியிருப்பார்கள், அதற்கும் இதே சோதனைதான். மேலே வெள்ளை உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு. அதை அலுமினியச் சாக்கில் போட்டுவிட்டால் நட்டம் நமக்கு. எங்கள் பட்டறையில் இந்த இரண்டாவது ரகம் ஒரு டின் நிறைய இருந்தது. நான் அதை ஏற்கெனவே அலுமினியத்தோடு போட்டிருந்தேன், சாக்கைக் கொட்டித் திரும்பப் பொறுக்கினேன்.

ஸ்டார்ட்டர்களைப் பிரிக்கும்போது ஒரு ஆச்சரியம். பழைய மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் இணைந்து பிரியும் பாயிண்டுகள் இருக்கும், சின்ன வெள்ளைப் பொட்டு மாதிரி, செம்புத் துண்டின் மேல் ஒட்டியிருக்கும். அதில் இருப்பது வெள்ளி. அப்பா தேய்ந்த பாயிண்டுகளைக் கழற்றும்போதெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். நான் அதைப் பித்தளைக் கூடையில் கொட்டப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, “டேய், அது வெள்ளிடா” என்று ஒரு சத்தம் போட்டார். பதினொரு நாளில் அவர் அப்படிச் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். அதை ராஜ வீதிப் பக்கம் வெள்ளி உருக்கும் ஒருவரிடம் கொடுத்தோம். வீட்டிலேயே உருக்கிப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம். இந்தப் பாயிண்டுகள் பலவற்றில் காட்மியம் கலந்திருக்கும், அந்தப் புகை நுரையீரலைத் தின்றுவிடும்.

மஞ்சள் உலோகங்களுக்கு வருவோம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். கன்மெட்டல் வெண்கலக் குடும்பம்தான்; பழைய கணக்கில் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2. பம்பில் தண்டைத் தாங்கும் புஷ்கள் பெரும்பாலும் கன்மெட்டல் அல்லது காரீயம் கலந்த வெண்கலம். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும்போது எல்லாம் ஒரே பழுப்புதான். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, அரத்தால் இழுத்தால் பித்தளை எலுமிச்சை மஞ்சளாகவும் கன்மெட்டல் கொஞ்சம் சிவப்பேறியும் தெரியும். செம்பு தனியாக இருந்தால் ரோஸ் நிறம். மூன்று துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்த ஒரு கூடையை மறுநாள் காலையில் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. கன்மெட்டலுக்குப் பித்தளையைவிட விலை கூடுதல், அதனால் இந்தச் சிரமம் வீண் போகவில்லை.

பாத்திரம் என்றால் காதால் பிரிக்கலாம். அம்மா கொடுத்த பழைய உருளியை விரலால் சுண்டினால் ஓசை நின்று நீண்டு அடங்கும். கணீரென்ற குரலை வெண்கலக் குரல் என்பது சும்மா இல்லை. பித்தளைக் குடத்தின் ஓசை சீக்கிரம் மடிந்துவிடும். வெண்கலம் விழுந்தால் உடையும், பித்தளை நசுங்கும். நசுங்கிய உருளி என்று எதையாவது பார்த்தால் அது வெண்கலமா என்று சந்தேகப்படலாம்.

குழாய்கள்தான் ஏமாற்றும். வெளியே எல்லாம் குரோமியப் பளபளப்பு. உள்ளே பித்தளையும் இருக்கலாம், துத்தநாகக் கலவையும் இருக்கலாம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது. அரம் போட்டால் மஞ்சளா வெள்ளையா என்று தெரிந்துவிடும், சரி. ஆனால் நான் சமையலறைத் தராசை வைத்து ஒரு வேலை செய்தேன், அதைச் சொல்கிறேன். குழாயின் எடை 420 கிராம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கி, குழாயை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீரில் முழுக்கினேன். தராசு 63 காட்டியது. அது அந்தக் குழாயின் கன அளவு. 420ஐ 63ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.7, துத்தநாகக் கலவை. பித்தளையாக இருந்தால் 8.4க்கு மேல் வந்திருக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் ஆட்டிவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு பொய்க்கும். அண்ணன் இதைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க கணக்குப்புள்ளைங்கறது சரியாத்தாங்க இருக்குது” என்றார். அவருக்கு உள்ளங்கையில் ஏந்தினாலே தெரிந்துவிடும், எனக்குத் தராசு வேண்டியிருந்தது.

சின்ன வயதில் தெருவில் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது: பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம். அதில் வரும் ஈயம் எது? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் மூன்று பதில் உண்டு, அதுதான் பிரச்சினை. பல வீடுகளில் அலுமினியச் சட்டியை ஈயச் சட்டி என்பார்கள். பேட்டரியில் இருப்பது காரீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயம். மூன்றும் வெள்ளை, மூன்றும் காந்தத்தில் ஒட்டாது. விலையோ ஏணி வைத்தாலும் எட்டாது; வெள்ளீயம் காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் போகிறது.

பட்டறையைப் பிரிக்கிறோம் என்று கேள்விப்பட்ட அத்தை ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே பாட்டியின் ஈயச்சொம்பு, அடி உருகி ஓட்டை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது என்பார்கள். யாரோ மருமகள் வைத்துவிட்டார், அந்தச் சண்டை தனிக் கதை. கடையில் காட்டினேன். “ஈயந்தானுங்க” என்று காரீய விலை சொன்னார்கள். அவர்கள் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கடைக்கு வருவதெல்லாம் காரீயம்தான்.

திரும்பி வந்து அண்ணனிடம் கேட்டேன். அவர் செய்தது இவ்வளவுதான். பேட்டரித் துண்டு ஒன்றை வெள்ளைத் தாளில் தேய்த்தார், பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு விழுந்தது. சொம்பின் விளிம்பைத் தேய்த்தார், கோடு விழவில்லை. பிறகு ஓட்டை ஓரத்தில் ஒரு நாக்கை வளைத்து என் காதருகே பிடித்தார். மெல்லிசாகக் கறுமுறுவென்று ஒரு சத்தம். வெள்ளீயத்தை வளைத்தால் அது அப்படிக் கத்தும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், நகத்தால் கீறினால் கோடு விழும். தாளில் தேய்த்த கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ குடிக்க விட்டார். சந்தையில் காரீயம் கலந்த சொம்புகளும் உண்டு என்பதால், விற்காமல் ரசம் வைக்கிறவர்களும் இந்தத் தாள் சோதனையை ஒரு தடவை செய்து பார்க்கலாம். அத்தையின் சொம்பைப் பாத்திரக்காரர் ஒருவர் வெள்ளீய விலைக்கே எடுத்துக்கொண்டார். அத்தைக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் சால்டர் கட்டிகளும் இதே குடும்பம். வெள்ளீயமும் காரீயமும் கலந்தது என்பதால் கட்டியின் மேல் 60/40 என்றோ 40/60 என்றோ அடித்திருக்கும், வெள்ளீயப் பங்கைப் பொறுத்து விலை. எழுத்து இருக்கும் கட்டியை உடைக்காமல் அப்படியே கொடுப்பது நல்லது.

எவர்சில்வரில் நான் அதிகம் சம்பாதிக்கவில்லை, கொஞ்சம்தான் தெரிந்துகொண்டேன். 304 என்ற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம், நிக்கலுக்குத்தான் விலை. 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, அதனால் காந்தத்தை வைத்துக்கொண்டு 304 என்று சாதிக்க முடியாது. வளைத்து அழுத்திய இடங்களில் 304கூட லேசாக இழுக்கும். நன்றாகவே ஒட்டினால் 430 போன்ற நிக்கல் இல்லாத ரகம். 202ஐக் கண்டுபிடிக்கக் கடையில் ஒரு சொட்டு மருந்தும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். மாங்கனீசு ரகத்தில் சொட்டு சிவக்கும். நம் கண்முன் செய்யச் சொல்லலாம், செய்தார்கள். சப்மெர்சிபிள் பம்பின் வெளிக்குழாய்கள் 304 என்று நினைத்திருந்தேன், பாதிக்கு மேல் சிவந்தன.

அலுமினியத்தில் ஜன்னல் செக்‌ஷன், கம்பி, பாத்திரத் தகடு, காஸ்டிங் என்று நாலு குவியல். காஸ்டிங்கில் சிலிக்கான் கலந்திருப்பதால் விலை இறங்கும். எல்லாவற்றிலும் முக்கியம் இரும்பு ஸ்க்ரூவைக் கழற்றுவது. ஒரு மோட்டார் மூடியில் ஆணி ஒட்டிக்கொண்டிருந்தாலும் ‘இரும்பு ஒட்டிய அலுமினியம்’ என்று மொத்தத்தையும் கீழே இறக்குவார்கள். மோட்டாருக்குள் சுழலும் ரோட்டரிலும் அலுமினியம் இருக்கிறது, ஆனால் அது தகடுகளுக்குள் வார்த்தது. அதைப் பிரிக்க ஒரு நாள் முழுக்க உளியும் சுத்தியலுமாகப் போராடி, ஒரு டீ செலவுக்குக்கூட ஆகாத அலுமினியம் எடுத்தேன், கட்டைவிரல் நகமும் போயிற்று. ரோட்டரை அப்படியே இரும்பாகப் போடுங்கள். மெல்லிய கம்ப்யூட்டர் ஒயர்களையும் உரிக்க உட்கார வேண்டாம், ஒயராகவே எடுக்கிற கடை உண்டு.

லேத் டூல்களின் நுனியில் இருந்த கார்பைடு துண்டுகள் கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் கனம் கையை அழுத்தும். காரீயத்தைவிடக் கனம். கிரைண்டரில் வைத்தால் பொறியே வராத மாதிரி ஒரு மங்கல் சிவப்பு. அதற்கு விலை கிலோவுக்கு ஆயிரத்தில் இருந்தது. தேய்ந்த ட்ரில் பிட்டுகளும் எச்.எஸ்.எஸ்., அதாவது வெட்டுக்கருவி எஃகு என்று தனி விலைக்குப் போகும். இரண்டையும் அண்ணன் முதல் நாளே ஒரு டப்பாவில் ஒதுக்கியிருந்தார், நானாக இருந்தால் எம்.எஸ். சாக்கில் போயிருக்கும்.

தொடாமல் விட்டவையும் உண்டு. பேட்டரியின் ஆசிடைக் கொட்டிவிட்டு வரச் சொன்ன கடைக்கு நாங்கள் போகவில்லை; 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும், பேட்டரி விற்ற டீலரே திரும்ப எடுத்துக்கொண்டார். கெப்பாசிட்டரை ஒயர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யாமல் கழற்றினால் ஷாக் அடிக்கும். மூடிய சிலிண்டர், ஷாக் அப்சார்பர், கம்ப்ரஸர் எதையும் கேஸ் கட்டிங்குக்குக் கொடுக்கக் கூடாது. அதைவிடப் பயமானது என்னவென்று தெரியாத கனமான பெட்டி. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட ஆய்வகக் கருவியைப் பழைய இரும்புக் கடையில் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. பலருக்கு உடம்பு வெந்தது, ஒருவர் இறந்தார். கருவியைச் சுற்றி இருந்த காரீயக் கவசம் கடைக்காரருக்கு நல்ல சரக்காகத்தான் தெரிந்திருக்கும். மஞ்சளில் மூன்று இதழ் விசிறி மாதிரி அடையாளம் கண்ணில் பட்டால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும்.

விற்பதைப் பற்றிக் கொஞ்சம். கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே எடை போட்டு, சாக்கில் எழுதிக் கட்டினேன். தொங்கு தராசு ஒன்று போதும். ஒரு கடையில் 24 கிலோ பித்தளை 22.6 காட்டியது, என் தராசையும் காட்டிப் பேசியபின், தூசி, ஈரம் என்று ஏதோ சொல்லிக் கடைசியில் 23.8க்கு ஒத்துக்கொண்டார்கள். செம்பை மூன்று கடையில் கேட்டேன், காலையில் ஒரு விலை சாயங்காலம் ஒரு விலை. செம்புக்கு நல்ல விலை கொடுத்த கடை அலுமினியத்துக்குக் குறைவாகச் சொன்னது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுக்கவில்லை. பில் விஷயமும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கும் பதிவு பெற்ற வியாபாரி தானே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், அதையும் மனதில் வைத்துத்தான் அவர் விலை சொல்வார். மின்கம்பி, சாக்கடை மூடி மாதிரி அரசாங்கச் சாமான் எதுவும் நம் குவியலில் கலந்துவிடக் கூடாது. எங்கள் கூரையில் யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போன மின்வாரியக் கம்பித் துண்டு ஒன்று இருந்தது. அதை விற்கவில்லை, லைன்மேனைக் கூப்பிட்டு ஒப்படைத்தோம்.

கூட்டிப் பார்த்தபோது லாட் பேசியவர் சொன்னதைவிட இரண்டே கால் மடங்கு வந்திருந்தது. அண்ணனுக்குக் கொடுத்தது, வண்டி வாடகை, டீ, என் விடுப்பு எல்லாம் கழித்தாலும் நட்டமில்லை. நோட்டில் எழுதி, சதவீதம் எல்லாம் போட்டு, பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசையாகப் படித்தார். செம்பு, ஆர்மேச்சர், கன்மெட்டல், வெள்ளி. தலையாட்டினார். அப்புறம் கேட்டார், “அந்தப் பெரிய வைஸ் எங்கடா?”

சாமானை இறுக்கிப் பிடிக்கும் ஆறு இஞ்ச் வைஸ், அவர் பட்டறை தொடங்கின வருடம் வாங்கினது. நான் அதை முதல் லோடில் காஸ்டிங்கோடு எடைக்குப் போட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அந்தக் கடைக்குப் போனேன். உடைத்திருக்கவில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து, வாசலில் ஸ்டூலின் மேல் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். நான் எடைக்கு வாங்கின காசைப் போல நாலு மடங்கு சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்து, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.